இரண்டாம் இடத்து எழுத்து

தான் செத்துப்போன விஷயம் செபஸ்தியானுக்கு, கடலுக்குப் போகிற சீட்டு வாங்க நின்ற வரிசையில்தான் தெரியவந்தது. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், ஜூன் முதல் தேதி, விடிந்து கொஞ்ச நேரம். புது லிஸ்ட் அமலுக்கு வந்த முதல் நாள். சவுக்குத்துறைக் கரையில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்த சீட்டுக்காரர் விரலில் எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டினார். இவர் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க இறந்துட்டீகண்ணே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"எப்ப?" என்று கேட்டார் செபஸ்தியான். அந்த நேரத்தில் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"தேதி போடல. டீன்னு ஒரு எழுத்து மட்டும் போட்டிருக்கு. டீன்னா இறந்தவுக."

பின்னால் நின்ற சவேரியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் செபஸ்தியானின் கூட்டாளி. இருவரும் சேர்ந்து ஒரு வள்ளம் வைத்து நண்டுவலை போடுகிறவர்கள். "ஏலே, நேத்து எங்க வீட்டுல கணவாக் கொழம்ப வழிச்சுத் தின்னது உன் ஆவியாலே?" என்றார். அவர் முறை வந்தது. அவர் பெயருக்கு எதிரே எம் என்ற எழுத்து இருந்தது. எம் என்றால் ஊரைவிட்டே போய்விட்டவர். சவேரியாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

செத்தவருக்கும் சீட்டு கிடையாது, ஊரைவிட்டுப் போனவருக்கும் கிடையாது. சீட்டில்லாமல் வள்ளத்தை இறக்கினால் ரோந்துக்காரர்கள் வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நண்டு நன்றாக ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. அன்று சவுக்குத்துறையில் பத்தொன்பது பேர் செத்திருந்தார்கள், இருபத்தெட்டுப் பேர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து கரையில் உட்கார்ந்து பீடி குடித்தார்கள்.

செபஸ்தியான் மட்டும் கலங்கவில்லை. "எம் மக ஆபீஸ்லதான இருக்கா. சாயங்காலம் வரட்டும், ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார்.

இந்த ஆபீஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இராமநாதபுரத்தில், எதற்கோ கட்டி எதற்கும் உதவாமல் கிடந்த ஒரு கட்டிடத்தில், மாவட்டக் கரையோரக் கணக்கீட்டு நிலையம் என்று ஒன்றை இரண்டு வருஷத்துக்கு முன்னால் திறந்தார்கள். கடற்கரை ஜனங்களை எண்ணி முடித்துவிட்டால் அவர்களுடைய கஷ்டமெல்லாம் தீர்ந்துவிடும் என்பது அதன் கொள்கை. எண்ணுவதற்கு ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் ஒரு புரோக்ராம். அதற்குச் 'சமுத்திரம்' என்று பெயர். மந்திரி வந்து திறந்துவைத்தார். திறப்பு விழாவில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, காலடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். பழச்சாறு ஒயருக்குள் போய் நாலு நாள் சமுத்திரம் ஓடவில்லை. அதைப் பத்திரிகையில் போடவில்லை.

நிலையத்தின் தலைமை அதிகாரி அ. கூத்தையா. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், அழகர் என்பவருடைய மகன். அவர் திறப்பு விழாவில் ஆற்றிய உரையைச் சவுக்குத்துறை ஜனங்கள் வெயிலில் நின்று கேட்டார்கள்.

"இந்தப் புரோக்ராம் பேட்ச் மோடில் இயங்குவது. பேட்ச் மோடு என்றால் என்ன? ஒரே வரியில் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு அது யாரையும் எதுவும் கேட்காது. யார் சொல்வதையும் கேட்காது. ஓடும், முடிக்கும், தாளைக் கொடுக்கும். நம் நாடு கெட்டதே மனுஷன் இடையில் பேசுவதால்தான். இந்த நிலையத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை!"

ஜனங்கள் கைதட்டினார்கள். வெயில் அப்படி இருந்தது.

கணக்கெடுப்புக்கு ஆட்கள் வந்தபோது ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. எழுதிக்கொண்டு போகிறவன் எதையோ பிடுங்கத்தான் வருகிறான் என்பது ஊரின் நம்பிக்கை. செபஸ்தியான்தான் வீடு வீடாகப் போனார். அவர் மகள் ஜோதிமேரி புள்ளியியல் படித்துவிட்டு அந்த நிலையத்தில் தற்காலிக ஆப்பரேட்டராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "நம்ம பிள்ளை கையாலதான் அடிக்கப்போறா. பயப்படாமச் சொல்லுங்க. அப்பன் பேர விட்டுறாதீக. இனிஷியல் இல்லாதவன் அநாதைப் பயன்னு ஆயிரும்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். ஜனங்களும் நம்பித் தங்கள் அப்பன்மாரின் பெயர்களைச் சரியாகச் சொன்னார்கள். செபஸ்தியானின் அப்பா பெயர் தேவசகாயம். சவேரியாரின் அப்பா மிக்கேல்.

அன்று சாயங்காலம் ராமேஸ்வரம் பஸ்ஸில் வந்து இறங்கிய ஜோதிமேரி விஷயத்தைக் கேட்டதும் பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினாள்.

"அய்யா, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. மொதல்ல கார்டு நம்பர். ரெண்டாவது நிலைமை எழுத்து. 'ஏ'ன்னா உசிரோட இருக்காக, டீன்னா செத்தவுக, எம்முன்னா ஊரைவிட்டுப் போனவுக. மூணாவது பேரு. உசிரோட இருக்கவுகளுக்கு நிலைமை எழுத்தே அடிக்க வேணாம், அது தானா எடுத்துக்கிரும், வேலை மிச்சம்னு சார் சொன்னாரு. நானும் அடிக்கல. ஆனா அது எழுத்தப் பாக்கலய்யா. எடத்தப் பாக்குது. நாலு நாலு ஒண்ணு ஏழு, டி, செபஸ்தியான்னு அடிச்சேன். ரெண்டாவது எடத்துல இருந்த உங்க இனிஷியல நிலைமைன்னு எடுத்துக்கிருச்சு."

"தாத்தா பேரு நிலைமையாயிருச்சா?"

"ஆமா."

பந்தியில் உப்பு வைக்கிற இடம் ஒன்று உண்டு. உப்பு வைக்காமல் விட்டுவிட்டு, அடுத்து வந்தவன் அந்த இடத்தில் பாயசத்தை ஊற்றினால், கண் தெரியாதவன் அதை உப்பென்று சோற்றில் பிசைவான். செபஸ்தியானுக்கு அப்படித்தான் புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

"அப்ப நீ எப்பிடித்தா தப்பிச்ச?"

"நான் எஸ். எஸ்ஸுன்னா என்னன்னு அதுக்குத் தெரியாது. தெரியாத எழுத்து வந்தா உசிரோட இருக்காகன்னு விட்டுரும்."

செபஸ்தியானுக்கு அதில் ஒரு பெருமை. இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்த ஒரே எழுத்து எஸ். வள்ளத்திலும் வலை மிதவைகளிலும் அடையாளத்துக்குச் சிவப்புப் பெயிண்டால் அதைத்தான் எழுதியிருந்தார். சவேரியாருக்கும் அதே எழுத்து என்பதால் கூட்டாளிகளுக்குள் தகராறில்லை. அந்த எழுத்து தன் மகளை உயிரோடு வைத்திருக்கிறது.

"அப்பன் எழுத்து மகளக் காப்பாத்திருக்கு" என்றார்.

"சிரிக்காதீகய்யா. நாளைக்கே சார்கிட்டச் சொல்லி மாத்திருதேன். நான் பாத்துக்கிறேன். ஆனா ஒண்ணு, நீங்க அங்கன வந்தா நான் உங்க மகன்னு சொல்லிராதீக. சொந்தக்காரவுக கணக்க நாமளே அடிக்கக்கூடாதுன்னு ரூலு இருக்கு."

அவர் மனைவி அற்புதம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏ பொணம், சோறு திங்க வருதியா, இல்ல படையலாப் போடவா?" என்றாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டார்கள்.

நாளைக்கே என்றது நாலு நாளானது, பத்து நாளானது. கேட்டபோதெல்லாம், "சார் டூர் போயிருக்காரு", "சென்னைக்கு எழுதியிருக்காக" என்றாள் ஜோதிமேரி. பத்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் செபஸ்தியானும் சவேரியாரும் பாம்பனில் பஸ் ஏறி, உச்சிப்புளி தாண்டி, இராமநாதபுரம் போய்ச் சேர்ந்தார்கள்.

நிலையமும் புரோக்ராமைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது. மனு வாங்கும் ஜன்னலுக்கு மேல் ஒரு பலகை: 'ஒரே வரியில், வரிசை மாறாமல் சொல்லவும். இடையில் பேசுதல் கூடாது.' ஜன்னலுக்குள் ஜெய்னுலாபுதீன் என்ற எழுத்தர் ஒரு மணியோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன். அவர் கண்ணில் வருத்தம் தெரிந்தது. ஆனாலும் மணியை அடித்தார்.

செபஸ்தியான் கும்பிட்டு, "வணக்கம் சார்" என்றார்.

மணி அடித்தது.

"மொதல் சொல்லு கார்டு நம்பரா இருக்கணும் அண்ணே. நீங்க வணக்கம்னு சொல்லிட்டீக. வணக்கம்னு ஒரு நம்பர் இல்ல. வரிசையில கடைசியில போயி நின்னு வாங்க."

போய் நின்று வந்தார். இந்த முறை எண்ணைச் சொன்னார். தொண்டை கமறி ஒரு இருமல் வந்தது. மணி அடித்தது. இருமல் இரண்டாவது இடத்தில் விழுந்துவிட்டதாம். மறுபடியும் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற பிச்சையம்மாள் என்ற கிழவி, வாலிநோக்கத்து உப்பளத்துக்காரி, நம்பரைச் சொல்லிவிட்டு "அய்யா சாமி, ரெண்டு மாசமா..." என்று அழ ஆரம்பித்தாள். மணி அடித்தது. அவள் பாவம், மணி எதற்கென்று தெரியாமல் கோயில் ஞாபகத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் முறை செபஸ்தியான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நாலு நாலு ஒண்ணு ஏழு டி செபஸ்தியான்" என்றார்.

ஜெய்னுலாபுதீன் தாளைப் பார்த்தார். "இன்னா லில்லாஹி" என்று பழக்கத்தில் வாய்க்குள் முணுமுணுத்தார். செத்தவர் பெயரைக் கேட்டால் அவர் சொல்கிற சொல் அது. "அண்ணே, இறந்தவுக மனுக் குடுக்க முடியாது. வாரிசு வரணும். உங்களுக்கு வாரிசு இருக்கா?"

செபஸ்தியானுக்கு வாய்வரை வந்தது. பத்தடி தள்ளி, கண்ணாடிக்கு அந்தப்பக்கம், அவர் வாரிசு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். சொல்லிராதீக என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

சவேரியாரின் கதை வேறு மாதிரி. ஊரைவிட்டுப் போனவர்களுக்கு ஏற்கெனவே தபால் அனுப்பியாகிவிட்டது என்றார்கள். ஊர் திரும்பியபோது அது வீட்டில் காத்திருந்தது. 'நீங்கள் இந்த முகவரியில் வசிக்கவில்லை என்பதை உறுதிசெய்து, கையொப்பமிட்டு, ஏழு நாட்களுக்குள் திருப்பி அனுப்பவும்.' மிக்கேல், மரியான், மதலேன் என்று எம்-மில் அப்பன் பெயர் உள்ள இருபத்தெட்டு வீட்டுக்கும் ஒவ்வொன்று. இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தபால்காரர் நல்ல மனுஷர், வெயிலில் வந்திருக்கிறார், அவரைக் காக்கவைக்கக்கூடாது என்று போட்டுவிட்டார்களாம். நிலையம் இருபத்தெட்டையுமே நூறு சதவீத உறுதிப்பாடு என்று பதிவு செய்துகொண்டது. சவேரியார் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. 'பதில் இல்லை, ஆகவே ஊரில் இல்லை' என்று அவருக்கு எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் பங்குச் சாமியாரின் சிபாரிசில் கூத்தையாவையே பார்க்க முடிந்தது. குளிர்ந்த அறை. மேஜை மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் முருகன் படம். கூத்தையா கோபப்படுகிற ஆளில்லை. உட்காரச் சொன்னார்.

"சார், நீங்களே பாருங்க. நான் உசிரோட இருக்கேன்ல?" என்றார் செபஸ்தியான்.

"பார்க்கிறதுக்கு இந்த சிஸ்டத்தில் வசதி இல்லைங்க. இன்னைக்கு உங்களைப் பார்த்து ஒண்ணு எழுதுவேன், நாளைக்கு இன்னொருத்தரைப் பார்த்து ஒண்ணு எழுதுவேன். பார்க்க ஆரம்பிச்சா ஊழல் வந்துடும். எங்க நேர்மையே நாங்க யாரையும் பார்க்காததுலதான் இருக்கு."

"என் இனிஷியல்தான சார் தப்பாப்போச்சு?"

"தப்புன்னு சொல்லாதீங்க. தப்புன்னா ஒண்ணு மெஷின் தப்பு, இல்லைன்னா ஆப்பரேட்டர் தப்பு. மெஷினைத் திறந்து வெச்சது யாருன்னு உங்களுக்கே தெரியும். அது தப்பு பண்ண முடியாது." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். இனிஷியலை எடுத்துடலாமா? இவ்வளவு சிக்கலும் உங்க அப்பாவாலதானே?"

செபஸ்தியானுக்கு நெஞ்சில் குத்தியது. தேவசகாயம் இதே கடலில் முப்பத்தைந்து வருஷம் வலை போட்டவர். செத்த அன்றைக்கு ஊரே கரையில் நின்றது. அந்த மனுஷனை ஒரு சீட்டுக்காகக் கழற்றிப் போடுவதா? ஆனால் வள்ளம் கரையில் கிடந்து வெயிலில் பலகை விரிந்துகொண்டிருந்தது. "எடுத்துருங்க" என்றார். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

கூத்தையா மணியடித்தார். ஆப்பரேட்டர் உள்ளே வந்தாள். ஜோதிமேரி அப்பாவைப் பார்க்காமல் மேஜை ஓரத்தைப் பார்த்தாள்.

"இவரைத் தெரியுமாம்மா?"

"எங்க ஏரியாக்காரவுகதான் சார்" என்றாள் ஜோதிமேரி.

வேதத்தில் சீடன் தன் குருவைத் தெரியாது என்றபோது கூவிய மாதிரி இங்கே சேவல் ஏதும் கூவவில்லை. அந்தக் கட்டிடத்தைச் சுற்றிச் சேவல் கிடையாது. ரூலுக்காகத்தானே சொல்கிறாள், நாம்தானே சரியென்று தலையாட்டினோம் என்று செபஸ்தியான் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சமாதானம் முழுதாக ஆகவில்லை.

அவள் அறை ஓரத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, எண்ணை அடித்து, இனிஷியல் இல்லாமல் செபஸ்தியான் என்று மட்டும் அடித்தாள். சமுத்திரம் ஓடியது. யாரையும் எதுவும் கேட்கவில்லை. பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. கூத்தையா எடுத்துப் படித்தார்.

"பிரமாதம். உயிர் வந்துடுச்சு."

"மாதாவே!" என்றார் செபஸ்தியான்.

"ஆனா பேர் இல்லை."

இரண்டாம் இடத்தில் இப்போது செபஸ்தியான் என்பதே உட்கார்ந்துகொண்டது. அது தெரியாத நிலைமை என்பதால், உயிரோடிருக்கிறார் என்று சமுத்திரம் பெருந்தன்மையாக விட்டுவிட்டது. மூன்றாம் இடத்தில் பெயர் வரவேண்டும். அங்கே எழுத எதுவும் மிஞ்சவில்லை. 'உயிருடன். பெயர்: இல்லை.'

"பேரில்லாதவருக்குச் சீட்டுக் கொடுக்க முடியாதே" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார் கூத்தையா. "நீங்களே முடிவு பண்ணுங்க. பேரோட இறந்தவரா இருக்கீங்களா, பேரில்லாம உயிரோட இருக்கீங்களா?"

இடையில் ஏ என்று ஒரே ஒரு எழுத்தைத் தட்டினால் தீர்ந்தது. செபஸ்தியானுக்கே அது தெரிந்திருந்தது. மகள்தான் எழுதிக் காட்டியிருந்தாளே. அவர் அவளைப் பார்த்தார். அவள் விரல் அந்த எழுத்துக்கு மேலேயேதான் இருந்தது. கூத்தையா, "நீ போம்மா" என்றார். அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நீயா ஒரு எழுத்தத் தட்டியிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

"ஏற்கெனவே ஓடி முடிச்ச லிஸ்ட்டத் தொட்டா, மொத லிஸ்ட்டு தப்புன்னு ஆயிரும்யா. இருநூத்திப் பன்னெண்டு டி இருக்கு மாவட்டத்துல. அத்தனையும் யாரு தலையில விடியும்? கொஞ்சம் பொறுங்க. நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல?"

அவர் பொறுத்தார். ஊர் பொறுக்கவில்லை. கடைக்குப் போனால் பேச்சு நின்றது. "உம்ம மக கையாலதான அடிச்சா?" என்று ஒருவன் நேராகவே கேட்டான். அவளை நம்பித்தான் தங்கள் அப்பன்மாரின் பெயரைக் கொடுத்தோம் என்றார்கள். "எம் மக உள்ளுக்குள்ள நின்னு சண்ட போட்டுக்கிட்டிருக்கா. உங்களுக்கு என்ன தெரியும்?" என்று செபஸ்தியான் கத்தினார். அவர் அதை நம்பித்தான் கத்தினார். அதுதான் இந்தக் கதையில் சிரிக்க முடியாத இடம்.

ஆகஸ்டில் நிலையத்துக்கு ஒரு விருது கிடைத்தது. 'கரையோர இறப்புப் பதிவில் முழுமை' என்பது விருதின் பெயர். வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை மரணங்களை இவ்வளவு குறைந்த நாளில், ஒரு பிணத்தைக்கூடப் பார்க்காமல் பதிவு செய்ததில்லையாம். இராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அழைப்பு வந்தது. "நீங்க வரவேணாம்யா, கூட்டமா இருக்கும்" என்றாள் ஜோதிமேரி. அன்று மேடையில் அவளுக்கு வேலை நிரந்தர உத்தரவு கொடுக்கப்போகிறார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. பஸ்ஸில் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. செபஸ்தியானுக்குச் சந்தோஷம். நிரந்தரமாகிவிட்டால் யார் என்ன செய்ய முடியும், மறுநாளே எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவாள் என்று சவேரியாரிடம் சொன்னார்.

முன்வரிசை 'இறந்தோர் குடும்பத்தினர்' என்று எழுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் பெரும்பாலும் இறந்தோரே உட்கார்ந்திருந்தார்கள். கேசரி, வடை கொடுத்தார்கள். இறந்தோர் இரண்டாவது வடை கேட்டார்கள். ஊரைவிட்டுப் போனவர்களுக்கு நாற்காலி கிடையாது என்பதால் சவேரியார் தூணோரம் நின்றார். இரண்டு நிமிஷ மௌன அஞ்சலி என்று அறிவித்தார்கள். இறந்தோர் எழுந்து நின்று தங்களுக்குத் தாங்களே அஞ்சலி செலுத்தினார்கள். எழாவிட்டால் மரியாதையில்லை என்று பட்டது.

கூத்தையா மைக்கைத் தட்டினார்.

"சிலர் கேட்கிறார்கள், ஒரே வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு மரணமா என்று. நான் சொல்கிறேன், இதற்கு முன்னால் இருந்தவர்கள் எண்ணத் தவறிவிட்டார்கள், நாங்கள் தவறவில்லை. இறந்ததாகச் சொல்லப்படுகிறவர்கள் சிலர் நேரில் வந்து உயிரோடிருக்கிறோம் என்கிறார்கள். நான் அவர்களை அன்போடு கேட்கிறேன், உங்கள் தனிப்பட்ட அனுபவத்தை வைத்து ஒரு மாவட்டத்தின் புள்ளிவிவரத்தைக் குலைக்கலாமா? இந்த ஓட்டத்தில் பிழையே இல்லை என்று நானாகச் சொல்லவில்லை. அடித்த ஆப்பரேட்டரே ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து எழுத்து மூலம் சான்றளித்திருக்கிறார்."

ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். அவர் குரல் தழுதழுத்தது.

"அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு வரி அவருடைய சொந்தத் தகப்பனாருடையது. எனக்கு இது தெரியாது. அவருடைய வேலை நிரந்தர விண்ணப்பத்தைப் புரட்டியபோது கண்டுபிடித்தேன். கூப்பிட்டுக் கேட்டேன். அம்மா, உன் தகப்பனார் வரி மட்டும் சரியில்லை என்று எழுதுகிறாயா என்று கேட்டேன். இல்லை சார், எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தாள் இந்தப் பெண். பெற்ற தகப்பனின் மரணத்தையே பாரபட்சமில்லாமல் உறுதி செய்தவள்! இப்படிப்பட்டவர்களை நிரந்தரமாக்காமல் வேறு யாரை நிரந்தரமாக்குவது?"

மண்டபம் கைதட்டியது. பழக்க தோஷத்தில் செபஸ்தியானும் இரண்டு தடவை தட்டினார். மூன்றாவது தடவைக்குக் கை சேரவில்லை.

ஜோதிமேரி மேடையேறி உத்தரவை வாங்கினாள். இறங்கும்போது முன்வரிசையில் அவரைப் பார்த்துவிட்டாள். ஓரமாக வந்து நின்றாள்.

"தெரிஞ்சா போட்ட?" என்றார் செபஸ்தியான்.

"தெரிஞ்சுதான்யா. உங்க ஒரு வரி தப்புன்னா, இருநூத்திப் பதினொண்ணும் தப்பு. எல்லாம் என் தலையில விழுந்திருக்கும், வேலையும் போயிருக்கும். நீங்க உசிரோட இருக்கது நமக்குத் தெரியும்ல? ஆபீஸுக்கு மட்டுந்தான..."

"ஊர்ல நான் வீடு வீடாப் போயி..."

"இடையில பேசாதீகய்யா" என்றாள் ஜோதிமேரி.

வேண்டுமென்று சொல்லவில்லை. நாள் முழுக்க ஆபீஸில் கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டிக்கொண்ட சொல். சொன்ன பிறகு அவள் முகம் வெளுத்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. செபஸ்தியான் திரும்பி வாசலுக்கு நடந்தார்.

வாசலில் மேஜை போட்டு, குடும்பத்தாருக்கு இறப்புச் சான்றின் நகல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் ஜெய்னுலாபுதீன், அதே மணியோடு. மேஜைமேல் பிரித்து வைத்திருந்த தாளில் இங்கிலீஷில் என்னென்னவோ அச்சடித்திருந்தது. செபஸ்தியானுக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே மட்டும் பேனாவால் ஒரு கையெழுத்து. அதன் முதல் எழுத்து அவருக்குத் தெரியும். பாம்பு மாதிரி வளைந்த எழுத்து. மிதவை மிதவையாக அவரே எழுதியது. ஊருக்கெல்லாம் அவர் சொன்னாரே, பெயருக்கு முன்னால் அப்பனை வை என்று. மகள் மறக்காமல் வைத்திருந்தாள். அவர் செத்ததற்குச் சாட்சிக் கையெழுத்தில் முதல் ஆளாக அவரே நின்றுகொண்டிருந்தார்.

"ஏலே, என்னலே பாக்குற? வாலே போவம்" என்று சவேரியார் கையைப் பிடித்து இழுத்தார்.

செபஸ்தியான் நகரவில்லை. மேஜையருகே போனார். வணக்கம் சொல்லவில்லை. இருமவில்லை. நிமிர்ந்து நின்று, ஒரே மூச்சில் சொன்னார்.

"நாலு நாலு ஒண்ணு ஏழு. டி. செபஸ்தியான்."

நம்பர், நிலைமை, பெயர். போன தடவை அப்பன் பெயராகச் சொன்ன டி, இந்தத் தடவை நிலைமை. ஜெய்னுலாபுதீன் மணியில் கை வைக்கவில்லை. அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தாளை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார்.

"இப்பத்தான் அண்ணே வரிசையாச் சொல்லியிருக்கீக" என்றார்.